பெரியப்பா போட்ட கையெழுத்து

காரைக்கால் பக்கத்துக் கிராமங்கள்ல ஒரே குடும்பத்துக்குள்ள ரெண்டு நாட்டுக்காரங்க இருக்கறது பெரிய அதிசயம் இல்லைங்க. எங்க வீட்லயும் அப்படித்தான். நான் இந்தியன். என் பெரியப்பா மகன், எங்க அண்ணன், பிரெஞ்சுக் குடிமகன். ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர், குலதெய்வம் ஒண்ணு, வயலும் ஒண்ணு. பாஸ்போர்ட்டு மட்டும் வேற.

அண்ணனுக்கு இப்ப அறுபத்தஞ்சைத் தாண்டிடுச்சு. பாரிஸுக்கு வடக்கே புறநகர்ல வீடு. பெரிய மருத்துவமனை ஒண்ணோட சமையற்கூடத்துல நாப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்துட்டு 2021ல ஓய்வு வாங்கினாரு. அதுலேர்ந்து தீபாவளி கழிஞ்சு வருவாரு, பங்குனி வெயில் ஏறும்போது கிளம்பிடுவாரு. அஞ்சு மாசம் எங்க தெரு, ஏழு மாசம் பாரிஸ். இதைக் கேக்கற பட்டணத்து நண்பர்கள், "கொடுத்து வச்ச ஆளு"ன்னு சொல்றாங்க. கொடுத்து வச்சவருதான், இல்லேங்கல. ஆனா அந்த அஞ்சும் ஏழும் எப்படி வந்துச்சுங்கறதுக்கு ஒரு கதை இருக்கு. அதுதான் இந்த வாரம்.

உங்கள்ல பல பேருக்கு, இந்தியாவுக்கு 1947ல சுதந்திரம் வந்தப்ப எங்களுக்கு வரலைங்கறதே புதுசா இருக்கலாம். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நாலும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்துச்சு. 1954 நவம்பர் 1ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1956 மே மாசம் ஒப்பந்தம் போட்டாங்க. அது சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16ல. நடுவுல இருந்த எட்டு வருஷமும் எங்க அப்பா தாத்தா எல்லாரும் காகிதத்துல பிரெஞ்சுக்காரங்கதான். நாத்து நடற பிரெஞ்சுக்காரங்க!

அந்த ஒப்பந்தத்துல ஒரு விதி. இங்க பிறந்து இங்கயே குடியிருக்கறவங்க எல்லாரும் 1962 ஆகஸ்ட் 16லேர்ந்து தானாவே இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்ங்கறவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். கல்யாணம் ஆகாத, பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அப்பா எடுக்கற முடிவுதான். அவங்க பேரையும் அந்தக் காகிதத்துல சேர்த்துடணும்.

ஆகஸ்ட் நடுவுலேர்ந்து ஆறு மாசம்னா பிப்ரவரி நடு. எங்க கணக்குல சொன்னா ஒரு சம்பாப் போகம். ஆவணியில விதைச்சு தை மாசிக்குள்ள அறுக்கற நேரம். அந்த ஒரு வெள்ளாமைக்குள்ள ஒவ்வொரு குடும்பமும் தன்னோட வருங்கால சந்ததிக்கே முடிவெடுக்க வேண்டியிருந்தது. மொத்தமா நாலு ஊர்லயும் சேர்த்து ஏறக்குறைய அஞ்சாயிரம் பேர்தான் எழுதிக் கொடுத்தாங்க.

எங்க பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. எங்க ஊர்ல அவங்களைச் 'சொல்தா'ம்பாங்க. பென்ஷன் அங்கேர்ந்து வருது, அதனால அவர் யோசிக்காம கையெழுத்துப் போட்டாரு. மூணு வயசுப் பையனா இருந்த அண்ணன் பேரும் அந்தக் காகிதத்துல ஏறிடுச்சு. எங்க அப்பா போடலை. "கையெழுத்துப் போட்டா நிலத்தைப் புடுங்கிக்குவான், கப்பல்ல ஏத்திடுவான்னு ஊர்ல பேச்சு. எனக்கு மாடு இருக்கு, வயல் இருக்கு, நான் எங்கடா போறது?" இப்படித்தான் கடைசி வரைக்கும் சொல்வாரு.

1978ல அண்ணனுக்குப் பத்தொன்பது வயசு. அப்ப பிரான்ஸ்ல ஆம்பளைப் பிள்ளைங்க கட்டாய ராணுவ சேவை பண்ணணும். அதைச் சாக்கா வச்சு விமானம் ஏறினவருதான். சேவை முடிச்சு அங்கேயே வேலைக்குப் போயிட்டாரு. அண்ணியும் எங்க பக்கத்துப் பொண்ணுதான். பிள்ளைங்க ரெண்டும் அங்கேயே பிறந்து வளந்ததுங்க.

போன வருஷம் என் மகன் கேட்டான். ஒரகடத்துல கம்பெனியில வேலை பார்க்கறான், மாசம் இருபத்திரண்டாயிரம். "அப்பா, தாத்தா அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நானும் பாரிஸ்தானே?" ஆமாடான்னேன். வேற என்ன சொல்றது? அண்ணனோட மக ஆபீஸ்ல ஒரு அமெரிக்காக்காரர் இருக்காராம். அவரோட தாத்தா அயர்லாந்துல பிறந்தவரு. அந்த ஒரு பிறப்புச் சான்றிதழை வச்சுப் பதிவு பண்ணி அயர்லாந்துக் குடியுரிமை வாங்கி, பாதி வருஷம் அங்க போய் இருக்கப் போறாராம். அந்த ஊர்ச் சட்டம் தாத்தா எங்க பிறந்தாருன்னுதான் பார்க்குது. எங்களுக்கு அப்படியில்ல. ரெண்டு தாத்தாவும் ஒரே திண்ணையில பிறந்தவங்கதான். ஒருத்தர் எழுதிக் கொடுத்தாரு, ஒருத்தர் கொடுக்கலை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வாசல் 1963 பிப்ரவரியோட சாத்தியாச்சு.

இன்னைக்கும் இந்தப் பக்கம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பொண்ணுன்னா கல்யாணச் சந்தையில தனி மவுசு. பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தல் வந்தா காரைக்கால்லயும் வாக்குச்சாவடி போடுவாங்க. 2022லயும் போட்டாங்க. பாரிஸையே பாக்காத கிழவிங்க கூட வரிசையில நின்னு பாரிஸ்ல யார் ஆளறதுன்னு ஓட்டுப் போட்டுட்டு வரும்.

சரி, அண்ணன் ஏன் மொத்தமா வந்துடலை? இந்தியாவுல ரெட்டைக் குடியுரிமை கிடையாது. அவர்கிட்ட இருக்கறது ஓ.சி.ஐ. அட்டை. 1947க்கு அப்புறம் இந்தியாவோட சேர்ந்த மண்ணைச் சேர்ந்தவங்கன்னு அந்தச் சட்டத்துல ஒரு பிரிவே இருக்கு, எங்க ஆளுங்களுக்குன்னே எழுதின மாதிரி. அதை வச்சு ஆயுசுக்கும் வரலாம், போகலாம், தங்கலாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரையா வந்தா வச்சுக்கலாம்.

நாள் கணக்கும் உண்டு. வருஷத்துல 182 நாள் இங்க தங்கிட்டா, வருமான வரிக்கு இங்க வசிக்கறவர்னு ஆயிடும். அங்க குடியிருக்கறவங்களுக்கான மருத்துவக் காப்பீடு தொடரணும்னா, வருஷத்துல ஆறு மாசத்துக்கு மேல அங்க இருந்தாகணும். அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கு, இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு. பென்ஷன் எங்க இருந்தாலும் வரும். 167 காலாண்டு சந்தா கட்டி முழுசா சம்பாதிச்ச பென்ஷன் அது. ஆனா வைத்தியம் அங்கதான். பேரப்பிள்ளைகளும் அங்கதான். இப்படி ரெண்டு பக்கத்துச் சட்டமும் நெருக்கி மிச்சம் விட்ட இடத்துலதான் அவரோட அஞ்சு மாசம் நிக்குது. நிம்மதியா ஓய்வெடுக்கறவரு சட்டைப்பையில எப்பவும் ஒரு சின்ன காலண்டர் இருக்கும். வந்த நாள்லேர்ந்து ஒவ்வொரு தேதியா அடிச்சுக்கிட்டே வருவாரு.

வயலுக்கு அந்தக் காலண்டர் தெரியாது. இதுதான் எங்களுக்குள்ள இருந்த சிக்கல்.

தாத்தா நிலம் பன்னெண்டு மா. உங்க கணக்குல நாலு ஏக்கர். பங்கு பிரிக்கவே இல்ல. அப்பா காலத்துலேர்ந்து மொத்தத்தையும் நாங்கதான் உழுதுட்டு வர்றோம். அண்ணன் பங்குக்கு வருஷா வருஷம் நெல்லோ பணமோ கொடுத்துடுவோம். அவரும் கணக்குக் கேட்டதில்ல. ஆனா பட்டா இன்னமும் தாத்தா பேர்ல. பயிர்க்கடன்னாலும் வெள்ள நிவாரணம்னாலும், "இன்னொரு வாரிசு சம்மதம் எங்கே?"ன்னு கேப்பாங்க. எங்களுக்குக் காகித வேலை வர்றது ஆனி, ஆடியில. அண்ணன் இங்க இருக்கறது கார்த்திகையிலேர்ந்து மாசி வரைக்கும். ஒரு தடவை பாரிஸ்ல இந்தியத் தூதரகத்துக்குப் போய் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பி வச்சாரு. அது வந்து சேரும்போது கடன் கொடுக்கற தேதி முடிஞ்சிருந்தது.

எங்களுது கடைமடை. மேட்டூர் தண்ணி கல்லணை தாண்டி ஊர் ஊராப் பாஞ்சு மிச்சம் இருந்தாத்தான் காரைக்காலுக்கு. தீர்ப்புல புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி.ன்னு எழுதியிருக்கு. வாய்க்கால்ல வர்றப்பதான் நிஜம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு முறை வந்தா மண்வெட்டியோட நான்தான் போவணும். அண்ணன் அந்நேரம் பாரிஸ்ல சாப்பிட்டுட்டு போன் பண்ணுவாரு, "தண்ணி ஏறுதா தம்பி?"ன்னு. கிண்டல் இல்ல, அக்கறைதான். நானும் வரப்புல நின்னுக்கிட்டே போனைத் தண்ணிப் பக்கம் திருப்பிக் காட்டுவேன்.

இந்த வருஷம் விஷயம் முத்திடுச்சு. ரோட்டோரம் இருக்கற ஆறு மாவுக்கு மனைக்காரன் ஒருத்தன் விலை பேசினான். நாங்க நெல்லு விளைச்சு பத்துப் பதினஞ்சு வருஷம் பாக்கற பணம். அண்ணன் மகனும் மகளும், "எங்களுக்கு அங்க என்ன இருக்கு, வித்துடுங்கப்பா"ன்னு போன்ல சொல்லிட்டாங்க. அவங்க சொல்றதுலயும் தப்பில்ல. வருஷத்துக்கு ஒரு வாரம் வந்து கொசுக்கடி வாங்கிட்டுப் போற பிள்ளைங்க. ஆனா வாய்க்கால் அந்த ஆறு மா வழியாத்தான் எனக்குப் பின்னாடி இருக்கற ஆறு மாவுக்கு வருது. முன்னாடி மனையாச்சுன்னா பின்னாடி எனக்குத் தண்ணியும் கிடையாது, டிராக்டர் போக வழியும் கிடையாது. நான் வாங்கிக்கலாம்னா மனை விலை கொடுக்க என்கிட்ட என்ன இருக்கு?

பொங்கல் முடிஞ்ச மறுவாரம் களத்துமேட்டுல உக்காந்து பேசினோம். அறுப்பு மிஷின் ஓடிக்கிட்டிருந்தது. நான் நேராவே கேட்டேன். "அண்ணே, விக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் என் பாட்டைப் பாத்துக்கறேன்."

அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னாரு: "தம்பி, மூணு வயசுல எங்கப்பா எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாரு. அதனால நல்லாத்தான் இருந்தேன். ஆனா என்னைக் கேக்கலை. இப்ப நான் வித்தா உனக்கும் சேர்த்து நான் முடிவு பண்ண மாதிரி ஆயிடும். அது வேணாம்."

பிப்ரவரியில பாகப்பிரிவினைப் பத்திரம் பதிஞ்சோம். திருவாரூர்லேர்ந்து என் அக்காவும் வந்து கையெழுத்துப் போட்டுச்சு. ரோட்டோரம் ஆறு மா அண்ணனுக்கு, பின்னாடி ஆறு மா எங்களுக்கு. அவரோட நிலத்து வழியா எனக்கு வாய்க்கால் பாத்தியதையும் வண்டிப்பாதை பாத்தியதையும் உண்டுன்னு பத்திரத்துல தெளிவா எழுதச் சொன்னது அண்ணன்தான். அளந்து, அகலம் எத்தனை அடின்னு போட்டு, வரைபடமும் சேர்த்தாச்சு. நாளைக்கு அவர் பிள்ளைங்க வித்தாலும் வாங்கறவன் அந்த வாய்க்காலை மூட முடியாது. விக்கறதும் இந்தியாவுல குடியிருக்கற இந்தியக் குடிமகனுக்குத்தான் விக்கலாம், அது தனி விதி.

வெளிய வந்து டீ குடிக்கும்போது அண்ணன், "இத்தனை வருஷத்துல இந்த மண்ணுக்குன்னு நான் போட்ட மொத கையெழுத்துடா இது"ன்னாரு.

இதைப் படிக்கற உங்கள்ல பல பேருக்கு ஊர்ல ஒரு பங்கு இருக்கும். வெளிநாட்டுலயோ சென்னையிலயோ இருப்பீங்க, ஓய்வு வாங்கினதும் பாதி நாள் ஊருல இருக்கலாம்னு ஆசையும் இருக்கும். தாராளமா வாங்க. ஆனா நீங்க இல்லாத மிச்ச மாசத்துல வாய்க்காலுக்கு யாரு போறாங்கன்னு பாருங்க. அவங்க பேர்ல ஒரு காகிதம் இருக்கான்னு பாருங்க. விமான டிக்கெட்டுக்கு முந்தி அதை முடிச்சுடுங்க. உயிரோட, உறவோட இருக்கும்போது போடற கையெழுத்துக்கு ஒரு நாள் போதும். அப்புறம்னா கோர்ட்டுல வருஷக் கணக்கு.

அண்ணன் மார்ச் மாசம் கிளம்பிட்டாரு. சம்பாத் தாள்ல தெளிச்ச உளுந்து இப்ப காய்ப்புல நிக்குது. அவர் பங்கை வித்து அண்ணியோட இங்கத்துக் கணக்குல போடணும். பட்டா மாத்தல் மனு கொடுத்திருக்கேன், இன்னும் அளக்க வரலை. வந்ததும் எழுதறேன்.