அப்பாவின் வண்டியும் ஐந்தாவது கியரும்

கியர் விகிதக் கணக்குப் போட்டு மார்க் வாங்கிய மெக்கானிக்கல் நண்பர்களே, இது முக்கியமாக உங்களுக்கு. மற்ற பிரிவினரும் படிக்கலாம், கட்டணம் இல்லை!

எங்க அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி, முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு ஓட்டுகிறவர். வண்டி 1998 மாடல் பிக்கப், நாலு கியர். சின்க்ரோ ரிங் எல்லாம் தேய்ந்துபோய், ஒவ்வொரு கியருக்கும் இரண்டு தடவை கிளட்ச் மிதிப்பார். நியூட்ரலுக்கு ஒன்று, கியருக்கு ஒன்று. இந்த 'டபுள் கிளட்ச்' தொல்லை தீரத்தான் 1928-ல் கேடிலாக் காரில் சின்க்ரோமெஷ் வந்தது என்று படித்தபோது, எனக்கு அப்பாவின் இடது முழங்கால்தான் ஞாபகம் வந்தது. தினமும் ராத்திரி அம்மா அதற்குத் தைலம் தேய்த்துவிடுவார்.

பழைய கியர் பெட்டிக்குச் சாமான் கிடைக்கவில்லை. அதே கம்பெனியின் 2012 மாடல் வண்டியில் கழற்றிய ஐந்து கியர் பெட்டி ஒன்று காயலான் கடையில் இருந்தது. நாலாவது 1:1, ஐந்தாவது 0.8. அப்பாவிடம் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். டயர் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், டிஃபரன்ஷியல் விகிதம் சுமார் 5. மணிக்கு 60 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,380 சுற்று. ஐந்தாவதில் 1,900 போதும். "டீசல் மிச்சம்பா. சத்தம் குறையும். கிளட்சும் ஒரு மிதிதான்." சீட்டு எடுத்த பணத்தை அப்படியே கொடுத்தார்.

போன மே விடுமுறை. மெக்கானிக் அண்ணன் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் கிளம்பும்போதே, "நான் வர்ற வரைக்கும் ஏத்தாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நமக்குத்தான் டிப்ளமோ ஆச்சே! வெளியில் தெரிவதையெல்லாம் அளந்தேன். போல்ட் துளைகள் சரியாக இருந்தன. கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்லைன் மட்டும் வேறு. விட்டம் ஒன்றே என்பதால் புதுப் பெட்டிக்குரிய பிளேட்டை மாட்டினேன். நண்பனும் நானும் ஜாக்கி வைத்துப் பெட்டியை ஏற்றினோம். எஞ்சினோடு ஒட்டாமல் கால் இஞ்ச் இடைவெளி நின்றது. போல்ட்டை இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். அலுமினிய ஹவுசிங்கின் ஒரு காது விரிந்துவிட்டது.

திண்ணையில் இருந்த அப்பா எழுந்து வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் லோடுக்கு வாடகை வண்டி பிடிக்கக் கிளம்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணன் வந்ததும் முதல் கேள்வி: "போல்ட்டு இழுத்தாடா பெட்டி உக்காரணும்? கையால தள்ளினாலே முகம் ஒட்டணும். ஒட்டலேன்னா உள்ள எதுவோ முட்டுதுன்னு அர்த்தம்." கழற்றினோம். இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு பழையதைவிட 9 மில்லி நீளம். அது கிராங்க் ஷாஃப்ட் குழியின் அடியில் போய் முட்டியிருந்தது. மூக்கு மெல்லிசு வேறு. பழைய பைலட் புஷ்ஷில் ஆடும். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. வெர்னியர் என் பையில்தான் இருந்தது.

மூக்கை கிரைண்டிங் கடையில் கொடுத்துக் குறைத்தோம். வெண்கல புஷ்ஷை நம் ஒர்க்‌ஷாப் லேத்தில், சார் அனுமதியோடு, நானே கடைந்தேன். மூன்று வருஷத்தில் அவ்வளவு கவனமாக நான் எதையும் கடைந்ததில்லை! உடைந்த காதுக்குத் திண்டுக்கல்லில் ஆர்கான் வெல்டிங். புதுப் பெட்டி நீளம் கூடுதல் என்பதால் பின் மவுண்டிங்கை நகர்த்தி, புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்கி, பேலன்ஸ் பார்த்து மாட்டினோம். மொத்தம் ஒன்பது நாள் வண்டி நின்றது. ஒன்பது நாளும் வாடகை வண்டி.

பத்தாம் நாள் விடியற்காலை நானும் லோடோடு போனேன். திண்டுக்கல் தாண்டி நாலு வழிச்சாலையில், "அஞ்சு போடுங்கப்பா" என்றேன். போட்டார். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பி, "என்னடா, எஞ்சின் நின்னுருச்சா?" என்றார்.

இன்றைக்கும் பழக்கதோஷத்தில் இரண்டு தடவைதான் மிதிக்கிறார். அம்மா தைலத்தை இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. ஸ்பீடாமீட்டர் வேறு, ஓட்டும் பல்சக்கரம் பொருந்தாமல், அறுபதில் போனால் ஐம்பது காட்டுகிறது. அதை இந்த செமஸ்டர் லீவில் பார்க்க வேண்டும். இந்தத் தடவை அண்ணன் ஊரில் இருக்கும்போது.

- இறுதியாண்டு, இயந்திரவியல்