நாம் ஓதிய பிழையும் அழிய மறுத்த கோப்பும்



கணினியைப் பற்றி எழுதும் தகுதி நமக்கில்லை. ஓதிக்கொடுப்பதே நமது பணி. ஆயினும் சென்ற ஷஅபான் மாதத்தில் நமது மதரஸாவில் நேர்ந்த ஒன்று, ஹிஃப்ழ் ஓதும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பயன்படக்கூடும். தவறு நம்முடையது என்பதால் இதை எழுதச் சில மாதங்கள் தயங்கினோம்.

நமது விடுதியில் கைபேசிக்கு அனுமதி இல்லை. அதற்கு மாற்றாகப் பிள்ளைகள் சிறிய எம்.பி.3 பிளேயர் வைத்துக்கொள்ளலாம். பாட்டுக் கேட்பதற்கென்று கடையில் விற்கும் பொருள்தான். நம்மிடத்தில் அதில் ஓதல் மட்டுமே இருக்க வேண்டும். பெயர்பெற்ற காரிகளின் ஓதலைப் பின்தொடரச் சிறு பிள்ளைகளுக்கு மூச்சுப் போதுவதில்லை. ஆகவே இரண்டாண்டுகளுக்கு முன் முதல் ஜுஸ்உ முழுவதையும் நாமே நிறுத்தி நிறுத்தி ஓதிப் பதிவு செய்து கொடுத்தோம். இஷாவுக்குப் பின் அமர்ந்து, முஸ்ஹஃபைத் திறக்காமல் ஓதினோம். முப்பதாண்டுகளாக ஓதிவரும் ஜுஸ்உ ஆயிற்றே என்ற எண்ணம்!

ஷஅபானில் ஒரு நாள், ஃபஜ்ருக்குப் பின் பத்து வயதுப் பிள்ளை ஒருவன் பழைய பாடத்தை ஒப்புவித்துக்கொண்டிருந்தான். அல்பகரா சூராவின் 48ஆம் வசனத்தை ஓதி முடித்தவன், 49க்குச் செல்லாமல் 124க்குத் தாவினான். இடையில் 75 வசனங்கள் போயின. 48ஆம் வசனமும் 123ஆம் வசனமும் ஒன்றுபோலவே தொடங்கி ஒன்றுபோலவே முடிபவை. முன்னதில் பரிந்துரை முதலிலும் ஈடு அடுத்தும் வரும். பின்னதில் ஈடு முதலிலும் பரிந்துரை அடுத்தும் வரும். ஹாஃபிழ்கள் காலங்காலமாக இடறும் இடம் இது. பிள்ளை 48ஐ 123இன் வரிசையில் ஓதியதால், நாவு தானே 124க்குப் போய்விட்டது.

“தம்பி, இப்படி ஓத எங்கே கேட்டாய்?” என்றோம்.

“நீங்க ஓதுனதுதான் ஹஜ்ரத். பிளேயர்ல இருக்கு.”

வாங்கிக் கேட்டோம். நம் குரல்தான். தயக்கமே இல்லாமல், தஜ்வீத் முறை வழுவாமல், தவறாக ஓதியிருந்தோம்.

அந்தக் கோப்பை அப்போதே அழித்துவிட எண்ணிப் பிளேயரிலேயே முயன்றோம். அழிக்க இயலாது என்றது. அடுத்த பிள்ளையின் பிளேயரும் அவ்வாறே சொல்லிற்று. விசாரித்தபோது விடுதியின் மூத்த மாணவர் தலைகுனிந்து நின்றார். சிறுவர்கள் விளையாட்டாகப் பொத்தானை அழுத்தி நமது ஓதலை அழித்துவிடக் கூடாது என்று, கோப்புகள் அனைத்தையும் ‘படிக்க மட்டும்’ என்று குறியிட்டு வைத்திருக்கிறார். நம்மீது கொண்ட மரியாதையால் செய்த காரியம். எனவே கடிந்துகொள்ள மனம் வரவில்லை.

அவரே கணினியின் முன் அமர்ந்து விளக்கினார். இத்தகைய கருவிகளின் நினைவகத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் அளவில் ஒரு பதிவு உண்டாம். பெயர், தேதி, அளவு எல்லாம் அதிலேயே அடக்கம். அதில் ஒரு பைட் கோப்பின் தன்மையைக் குறிப்பது. அந்த ஒரு பைட்டின் ஒரே ஒரு பிட்தான் இந்தப் பூட்டு. கோப்பைப் படியெடுத்தால் குறியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. பன்னிரண்டு பிள்ளைகளின் பிளேயர்களுக்கும் பிழை, தன் பூட்டோடு போயிருந்தது.

முதல் பிளேயரின் மெமரி கார்டைக் கழற்றி, அடாப்டரில் செருகி, மடிக்கணினியில் வைத்தார். கோப்பின்மேல் வலச்சொடுக்கி, பண்புகளைத் திறந்து, ‘படிக்க மட்டும்’ என்ற பெட்டியிலிருந்த குறியை எடுத்தார். வட்டு எழுதப்படாதவாறு காக்கப்பட்டுள்ளது என்று கணினி மறுத்தது. அரைமணி நேரம் அதனோடு போராடினோம். கார்டு முழுவதையும் ஃபார்மட் செய்துவிடலாமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்று தடுத்தோம். நமக்கு ஓதிக்கொடுத்த, இன்று நம்மிடையே இல்லாத பெரிய ஹஜ்ரத் அவர்கள் ஓதிய யாஸீன் சூரா அதே கார்டில் இருந்தது. வேறு படி எவரிடமும் இல்லை. அதை முதலில் மடிக்கணினியில் படியெடுத்த பின்னரே மேற்கொண்டு எதையும் தொடவிட்டோம்.

காரணம் கடைசியில் கண்ணெதிரேயே இருந்தது. அடாப்டரின் பக்கவாட்டில் நகக்கண் அளவில் ஒரு நழுவுதுண்டு உண்டு. அது பூட்டு நிலைக்கு இறங்கியிருந்தது. அத்துண்டு கார்டுக்குள் எதையும் மாற்றுவதில்லை. அது நிற்கும் இடத்தைப் பார்த்துக் கணினிதான் எழுத மறுக்கிறது. மேலே தள்ளிச் செருகியதும் பெட்டியிலிருந்த குறி நீங்கியது, கோப்பும் அழிந்தது. இப்படிக் கார்டிலிருந்து அழிப்பவை குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை என்பதை அழிக்க முனைவோர் நினைவிற் கொள்க.

மற்றப் பிளேயர்களில் கார்டு இல்லை. கம்பியால் கணினியோடு இணைப்பவை. அவற்றுக்கு ஒவ்வொரு கோப்பாகப் பெட்டியைத் திறக்காமல், கட்டளைச் சாளரத்தில் ‘அட்ரிப்’ என்று எழுதி, கழித்தல் குறியோடு ‘ஆர்’ சேர்த்து, கோப்புகள் இருக்கும் இடத்தையும் தந்தார். எல்லாப் பூட்டும் ஒருசேரக் கழன்றன. இரண்டு பிளேயர்கள் மட்டும் கணினியில் தனி வட்டாகத் தோன்றாததால் கட்டளைக்கு அகப்படவில்லை. அவற்றின் அமைப்பில் யூ.எஸ்.பி. முறையை மாற்றிய பின் அகப்பட்டன. அஸருக்கு முன் பன்னிரண்டும் முடிந்தன.

பிள்ளைகளின் நெஞ்சில் பதிந்ததற்கு அத்தகைய கட்டளை ஏதும் கிடையாது. ஒன்பது பேர் ஓரிரு நாளில் திருத்திக்கொண்டார்கள். எஞ்சிய மூவரையும் மஃக்ரிபுக்குப் பின் தினமும் அமர்த்தி, 48ஐயும் 123ஐயும் அடுத்தடுத்து ஓதவைத்தோம். முதலில் தாவிய அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏறக்குறைய ரமளான் முழுவதும் ஆயிற்று. அவன் அந்த இடத்தை நெருங்கும்போது நம் முகத்தையே பார்ப்பான். அவனிடம் ஒரு நாள், “தவறு உன்னுடையதன்று, நம்முடையது” என்று மற்றப் பிள்ளைகள் கேட்கவே சொன்னோம். அவன் என்ன நினைத்தானோ, அன்று சரியாக ஓதினான். மறுநாள் மீண்டும் இடறினான்.

ஷவ்வாலில் ஜுஸ்உவை மறுபடி பதிவு செய்தோம். இம்முறை முஸ்ஹஃபை விரித்து வைத்து, பகல் வெளிச்சத்தில். முடித்ததும் மூத்த மாணவர் தயக்கத்தோடு கேட்டார்:

“இதற்கும் பூட்டுப் போடட்டுமா ஹஜ்ரத்?”

“இரண்டாம் வகுப்பு ஹஜ்ரத் முஸ்ஹஃபைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் ஒருமுறை கேட்கட்டும். பிறகு போடுங்கள்” என்றோம்.