கல்முனைக் கரையில் ஒரு கிதாபின் தடம்



மட்டக்களப்பிலிருந்து தெற்கே, கடலை இடது பக்கமாக வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தால் சுமார் 40 கிலோமீற்றரில் கல்முனை. அதற்கு முன்பே மருதமுனையில் தறிச் சத்தம் காதில் விழும். கல்முனையைத் தாண்டினால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது. பிறகு காரைதீவு என்ற தமிழ் ஊர். அதற்கப்பால் நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பது வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் வயல்.

இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். குடி என்பதும் தாய்வழியாகவே வரும். மகள் பிறந்த நாளிலிருந்து வாப்பாவுக்கு வீட்டுக் கவலை தொடங்கிவிடும். தங்கைக்குக் கூரை போட்டு முடிக்கும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டு, அரபு நாட்டில் வெயிலில் நிற்கும் காக்காமாரை எனக்குத் தெரியும். சீதனத்தின் கொடுமையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கரையின் பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு கதவும் ஒரு சாவியும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாடசாலையிலும் பயானிலும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இதையொட்டியதுதான். "மௌலவி, வாப்பா தந்த வீடு ஷரீஅத்தில எனக்குச் சொந்தமா? தம்பிமார் பிறகு பங்கு கேட்கலாமா?" பதில் சொல்வது கடினமல்ல. ஆனால் எந்தக் கிதாபிலிருந்து சொல்கிறோம், அந்தக் கிதாபு எந்தக் கரையிலிருந்து எந்தத் தோணியில் இங்கு வந்தது என்று தேடப் போனேன். அந்தத் தேட்டம் என்னைப் பல ஊர்களுக்கு இழுத்துச் சென்றது.

தொடங்கியது சாய்ந்தமருதில், ஒரு மூத்தம்மாவின் தகரப் பெட்டியில். "எங்கட உம்மா ஓதின கிதாபு மகன், மகானி என்று சொல்லுவாங்க" என்று துணியை அவிழ்த்தார். கல்லச்சுப் புத்தகம். முன்பக்கங்கள் சில இல்லை. மஞ்சள் தாளில் அரபு எழுத்து. வாய்விட்டு வாசித்தால் தமிழ்.

அரபுத்தமிழைப் பற்றி இளைய சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காக, அரபு எழுத்துகளுக்கு மேலும் கீழும் சில புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி நம் முன்னோர் அமைத்துக்கொண்ட எழுத்து இது. இதனால் அதிகம் பயன் பெற்றவர்கள் பெண்கள்தான் என்பது என் எண்ணம். பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகாத காலத்திலும் குர்ஆன் ஓதப் போனாள். ஓதத் தெரிந்தவளுக்கு இன்னும் சில குறிகளைச் சொல்லிக் கொடுத்தால் போதும், தன் தாய்மொழியிலேயே தொழுகையின் சட்டமும் சுத்தத்தின் சட்டமும் அவள் கைக்கு வந்துவிடும். ஆண்களிடம் கேட்க வெட்கப்படும் மஸ்அலாக்களை அடுப்படியில் உட்கார்ந்து தானே வாசித்துத் தெரிந்துகொண்டாள். 'படிப்பறிவில்லாத முஸ்லிம் பெண்' என்று குடிசன மதிப்பில் எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் மகானி ஓதியவர்களோ!

அந்தப் பிரதியின் கடைசித் தாள் தப்பியிருந்தது. அதில் ஆசிரியர் பெயர் செய்யிது முஹம்மது என்றும், தகப்பனார் பெயர் அஹ்மது லெப்பை என்றும் இருந்தது. கூடவே 'அல்காஹிரி' என்ற ஊர்ப்பெயர். காஹிரா என்றால் மிஸ்ரின் தலைநகர் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் இந்தக் காஹிர் காயல்பட்டினம். காயல் ஆலிம்கள் அரபியில் தங்கள் ஊரை இப்படித்தான் எழுதினார்கள். கீழக்கரையைக் 'கிர்கரி' என்பார்கள். இது தெரியாமல் நூற்பட்டியல்களைப் புரட்டினால், நம்முடைய ஆலிம் ஒருவரை எகிப்துக்காரர் என்று எண்ணிக் கடந்து போய்விடுவோம்.

அவர் வேறு யாருமல்ல, மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று நம் உம்மம்மாமார் சொல்லும் இமாமுல் அரூஸ் (ரஹ்) அவர்கள்தான். 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் வளர்ந்து, 1898இல் அங்கேயே வபாத்தானார்கள். கீழக்கரை தைக்கா ஸாஹிபு (ரஹ்) அவர்களிடம் கற்று, அவர்களுடைய மகளையே மணந்ததால் 'மாப்பிள்ளை' என்ற பெயர் நிலைத்தது. காதிரிய்யா வழியில் அவர்களுக்குப்பின் வந்த கிளை அரூஸிய்யா எனப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி அரபுத்தமிழில் 'ஃபத்ஹுத் தய்யான்' எழுதினார்கள். அதன் விளக்கமாக வந்ததே மகானி. இலங்கைக்குப் பலமுறை வந்து போனவர்கள். 'மின்ஹத்து ஸரந்தீப்' என்று ஒரு நூலுக்கு நம் தீவின் பெயரையே வைத்தார்கள். ஃபத்ஹுத் தய்யானை ஸைபுத்தீன் அனிப் டோரே ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 1963இல் கொழும்பில் வெளிவந்தது. கீழக்கரையில் எழுதிய கிதாபு கொழும்பில் ஆங்கிலமாகிறது, சாய்ந்தமருதுப் பெட்டியில் அரபுத்தமிழாகவே கிடக்கிறது.

இந்த உறவுகளை எங்கே தேடுவது? முதலில் தைக்காக்களில். இஜாஸா, ஸில்ஸிலா என்று யார் யாரிடம் ஓதினார் என்பதை நம் பெரியவர்கள் சங்கிலியாக எழுதிவைத்தார்கள். அறிவிப்பாளர் வரிசை பார்த்து ஹதீஸை எடுத்த சமுதாயத்துக்கு இது புதிதா என்ன? இமாமுல் அரூஸின் வழித்தோன்றலான தைக்கா ஷுஐபு ஆலிம், ஸரந்தீபிலும் தமிழ்நாட்டிலும் அரபு, அரபுத்தமிழ், பார்ஸி மொழிகள் வாழ்ந்த வரலாற்றை 1993இல் பெரிய ஆங்கில நூலாகத் தந்தார். இந்தத் துறையில் கால் வைப்பவர் எவரும் அந்த நூலைத் தாண்டிப் போக முடியாது.

அடுத்தது அரசாங்கத்தின் காகிதம். 1867ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சான ஒவ்வொரு நூலையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வந்தது. எந்த அச்சகம், எத்தனை பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை எல்லாம் அதில் உண்டு. இலங்கையில் இதுபோன்ற சட்டம் 1885இன் முதலாம் இலக்கம். அந்தச் சட்டத்தின் பிள்ளைதான் கொழும்பில் சுவடிகள் திணைக்களத்துக்கு இன்றும் போய்ச் சேரும் புத்தகங்கள். வெள்ளைக்காரன் இதைச் செய்தது நம் மீதுள்ள பிரியத்தாலா? இல்லை, யார் என்ன அச்சடிக்கிறார்கள் என்று கண் வைக்கத்தான். ஆனால் அன்றைய கண்காணிப்பு இன்று நமக்கு நினைவேடாக உதவுகிறது.

கொழும்பு வாசிகசாலையில் பேனைக்கு இடமில்லை, பென்சில் மட்டும். அங்கே நான் கற்றது பொறுமை. அரபுத்தமிழ் நூல் பட்டியலில் எந்தப் பக்கம் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அரபி தெரிந்தவர் எழுத்தைப் படிப்பார், பொருள் விளங்காது. தமிழ் தெரிந்தவருக்குப் பொருள் விளங்கும், எழுத்து தெரியாது. இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே விழுந்த நூல்கள் எத்தனையோ! செய்யிது, ஸெய்யித், மாப்பிள்ளை, லெப்பை, லப்பை என்று ஒரே மனிதரை ஆறேழு விதமாகத் தேட வேண்டும். ஊரும் அப்படித்தான். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய கல்முனைக் காகிதத்தை மட்டக்களப்பு என்று கேட்டால்தான் கொண்டுவந்து தருவார்கள்.

இனி அந்த வீட்டுக் கேள்வி. மகளுக்கு வாப்பா உயிருடன் இருக்கும்போதே வீட்டைக் கொடுப்பது ஹிபா, அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கு அல்ல. எங்களைப் போன்றவர்கள் அரபுக் கல்லூரியில் ஓதிய 'ஃபத்ஹுல் முஈன்' இதற்குச் சட்டம் சொல்கிறது. அதை எழுதியவர் 16ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரைப் பொன்னானியில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்). அவர் மக்காவில் இப்னு ஹஜர் ஹைதமீயின் மாணவர். அவருடைய நூலுக்கு மக்காவில் ஸெய்யித் பக்ரீ ஹாஷியா எழுதினார். அதன் மூலநூலுக்கு ஜாவாவின் பன்தனைச் சேர்ந்த நவவீ விரிவுரை எழுதினார். பொன்னானி, மக்கா, ஜாவா, காயல், கல்முனை எல்லாம் ஒரே மத்ஹபின் கடற்கரைகள். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் வருடந்தோறும் நாகூரார் பெயரில் கொடி ஏறுகிறதே, அதுவும் இந்தக் கடல்வழி உறவின் தடயம்தான். (அந்தக் கொடியைப் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே கிளற வேண்டாம்.)

ஷாஃபிஈ சட்டப்படி, வாயால் 'தந்தேன்' என்றால் மட்டும் ஹிபா முழுமையாகாது. பொருள் பெறுபவரின் கைவசம் வர வேண்டும். இன்னொன்று, பிள்ளைக்குக் கொடுத்ததைத் தகப்பன் திரும்பப் பெற அனுமதி உண்டு. அதோடு, ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்த தகப்பனிடம், மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தியை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள். மகளுக்கு வீட்டைக் கொடுத்து மகனை வெறுங்கையோடு அனுப்பும் நம் கரை இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாட்டுச் சட்டம் எங்கே வந்து சேர்கிறது என்று பாருங்கள். ஒல்லாந்தர் 1760இல் பத்தாவியாவில் தொகுத்த முஸ்லிம் சட்டச் சுருக்கம் இலங்கைக்கு வந்தது. கொழும்பு முஸ்லிம் தலைவர்கள் அதைப் பார்த்துத் திருத்திய பின், 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டக் கோவையாக்கினர். 1852இல் அது தீவு முழுவதற்கும் விரிந்தது. பிறகு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், இறந்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அந்தச் சட்டமே அவருடைய வாரிசுக்கும், கொடுப்பவருடைய மத்ஹபின் சட்டமே அன்பளிப்புக்கும் பொருந்தும் என்றது. அதாவது கொழும்பு நீதிபதியும் நம் கிதாபுகளைக் கேட்டாக வேண்டும். அதே சட்டம் இரண்டு முக்கியமான செய்திகளைச் சேர்த்தது. நன்கொடை உறுதியை மகளின் கையில் கொடுத்தாலே வீட்டை ஒப்படைத்ததற்குச் சான்றாகக் கொள்ளப்படும். மீட்க முடியாதது என்று உறுதியில் எழுதியிருந்தாலொழிய எந்த நன்கொடையும் மீட்க முடியாததாகக் கருதப்படாது.

அந்த ஒரு வரி இருக்கிறதா என்று உங்கள் உறுதியை எடுத்துப் பாருங்கள். வாப்பா மனம் மாறுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. வாப்பாவைச் சுற்றியிருப்பவர்கள் மாறுவதுண்டு. கைக்கூலியும் அப்படித்தான். பெண்ணின் பயனுக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்பட்ட பணமே அது என்று 1951இன் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வரையறுக்கிறது. அதை மீட்டுத் தரும்படி காதியாரிடம் கேட்கலாம். எழுத்தில் இருந்தால் வழக்கு எளிது, இல்லையென்றால் சத்தியம் செய்வதில் போய் நிற்கும்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. அன்று இந்தக் கரையில் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமான உயிர்கள் போயின. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலை ஒட்டிய தெருக்கள் தரைமட்டமாயின. மனிதரை அடக்கிய பிறகுதான் காகிதத்தின் நினைவு வந்தது. உறுதி, காவின், பிறப்புப் பத்திரம், உம்மாவின் கிதாபு எல்லாம் தண்ணீரோடு போயிருந்தன. அதன்பின் நடந்ததைப் பலர் கவனிக்கவில்லை. புதிய வீடுகள் கொடுக்கப்பட்டபோது 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் பல இடங்களில் கணவன் பெயரே எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெண் பெயரில் இருந்த வீடு, ஒரு படிவத்தின் ஒரு கோட்டில் ஆண் பெயருக்கு மாறியது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பழைய உறுதியைக் காட்டிக் கேட்கப் பெண்ணிடம் காகிதம் இல்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் ஒரு மறுபிரதி காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். மருதமுனையில் ஒரு சகோதரி, உம்மாவுக்கு எழுதிக்கொடுத்த நொத்தாரிசின் பெயரையும், அது தன் ராத்தா பிறந்த வருடம் என்பதையும் மட்டும் வைத்துக்கொண்டு தேடினார். மூன்றாவது முறை போனபோது கிடைத்தது. நிழற்பிரதியை எனக்குக் காட்டினார். நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருந்தன. வடக்கே சின்னம்மாவின் வளவு, தெற்கே ஒழுங்கை, மேற்கே பள்ளிக் காணி, கிழக்கே கடல்.

சாய்ந்தமருது மூத்தம்மாவின் கிதாபு அன்று நனையாமல் தப்பியது, அவர் மகள் வீடு மேற்கே வயல் பக்கம் இருந்ததால். அதைக் கையில் தரமாட்டேன் என்றார். பக்கம் பக்கமாகப் படம் எடுக்க மட்டும் விட்டார். கடைசித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் அரபுத்தமிழில் பெயர்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பிறை நாள். அத்தனையும் பெண்பிள்ளைகளின் பெயர்கள். கடைசிப் பெயர் யாருடையது என்று கேட்டேன். "எனக்கு வாசிக்கத் தெரியும் மௌலவி, அது நான்தான்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் துணியில் சுற்றினார்.