நினைவில் நெய்த கம்பளம்

ஏட்டில் எழுதப்படாத கலை, கற்றவரின் கையிலும் நினைவிலும் வாழ்கிறது. அதைக் கற்க ஒரு தலைமுறை தவறினாலும் அது அறுந்துபோகும். ஈரான் நாட்டு நாடோடிக் குடிகளின் கம்பளக் கலை அத்தகையது.

உடன் பயணம் செய்யும் தறி

ஈரானின் தெற்கே, ஷிராஸ் நகரைத் தலைநகராகக் கொண்ட ஃபார்ஸ் மாநிலத்தில் கஷ்காய் மக்கள் வாழ்கின்றனர். துருக்கிய மொழி பேசும் இவர்கள் வழிவழியாக ஆடு மேய்த்து வந்தவர்கள். இளவேனிலில் சாக்ரோஸ் மலைத்தொடரின் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்வர். குளிர் தொடங்குமுன் பாரசீக வளைகுடாவை நோக்கிய வெப்பமான தாழ்நிலங்களுக்குத் திரும்புவர். வெள்ளாட்டின் கறுத்த மயிரால் நெய்த கூடாரமே இவர்களது இல்லம்.

சுமந்து செல்ல இயலாத எதுவும் இவ்வாழ்க்கைக்குப் பொருந்தாது. தறியும் அதற்கேற்பவே அமைந்தது. தரையில் முளைகளை அடித்து, மரக்கட்டைகளை அவற்றோடு பிணைத்துப் பாவு நூலை இழுத்துக் கட்டுவர். இடம்பெயரும் நாள் வந்தால், நெய்து முடியாத கம்பளத்தைக் கட்டையோடு சுருட்டி விலங்கின் முதுகில் ஏற்றுவர். அடுத்த தங்கலில் மீண்டும் கட்டும்போது பாவின் இறுக்கம் சற்றே மாறும். அதனால் பழங்கம்பளம் ஓரிடத்தில் அகன்றும் மற்றோரிடத்தில் ஒடுங்கியும் காணப்படுவதுண்டு. அறியாதார் அதனைக் குறை என்பர்; அறிந்தார் அதில் ஒரு பயணத்தைக் காண்பர்.

நெய்தவை யாவும் அன்றாடப் பயன்பாட்டிற்கு உரியவை. குளிர்ந்த தரைக்கு விரிப்பு, சுமைவிலங்கின் முதுகிற்கு இரட்டைப்பை, ஆடுகள் தலையை நுழைத்து உப்பைத் தின்றுவிடாதவாறு வாய் குறுகிய உப்புப்பை எனத் தேவையே வடிவத்தைத் தந்தது.

வேரும் தோலும் தந்த வண்ணம்

இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் ஆண்கள் ஆட்டு மயிரைக் கத்தரிப்பர்; பெண்கள் அதனை நூலாக நூற்பர். மஞ்சிட்டி இனச் செடியின் வேர் சிவப்பைத் தந்தது. அவுரி நீலத்தைத் தந்தது. மாதுளைத் தோலிலிருந்து மஞ்சளும், அக்ரூட் காயின் மேல்தோலிலிருந்து பழுப்பும் கிடைத்தன. படிகாரம் வண்ணத்தை நூலில் நிலைநிறுத்தியது. சிறு கலத்தில் ஒருமுறைக்குச் சிறிதளவு நூலுக்கே சாயமேற்ற இயலும். ஆதலால், ஒரே சிவப்பு கம்பளத்தின் நடுவே அடர்ந்தோ வெளிறியோ தோன்றும். இவ்வண்ண மாற்றத்தை ‘அப்ராஷ்’ என்பர்.

நினைவே வரைபடம்

நகரப் பட்டறைகளில் ஓவியர் வரைந்து தந்த மாதிரியைப் பார்த்து நெய்வர். கஷ்காய்ப் பெண்ணின் முன் எந்த வரைபடமும் இல்லை. பாவிழைகளில் ஒவ்வொரு முடிச்சாக இட்டு நுனியை அறுப்பாள். ஒரு வரிசை முடிந்ததும் ஊடிழையைச் செலுத்திக் கனத்த சீப்பால் அடித்து இறுக்குவாள். தாயின் தறியில் கண்ட சாய்சதுரமும், வழியில் கண்ட மரமும் மானும் பறவையும் அவள் விரல் வழியே உருப்பெறும். தமிழ்நாட்டுச் சேலைகளின் மாங்காய் வடிவத்தை ஒத்த ‘போத்தே’யும் அவற்றுள் ஒன்று. தடித்த நூலில் வளைகோடு எளிதில் அமையாது. எனவே பூவும் விலங்கும் கோணங்களாகவே மலர்ந்தன. நினைவிலிருந்து நெய்வதால் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை.

பெயர் பொறிக்காத கைகள்

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற அர்தபீல் கம்பளம் உள்ளது. அதில் மக்சூத் காஷானி என்னும் பெயரும், கி.பி. 1539-40க்கு இணையான ஹிஜ்ரி 946ஆம் ஆண்டும் நெய்யப்பட்டுள்ளன. நாடோடிக் கம்பளங்களிலோ பெரும்பாலும் நெய்தவள் பெயர் இல்லை. தன் கூடாரத்திற்கு நெய்தவள், பிறர் தன்னைத் தேடுவர் என எண்ணியிருக்கமாட்டாள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேதிச்சாயங்கள் ஈரானுக்குள் நுழைந்தன. விலை மலிவான அவற்றுள் பல, வெயிலில் வெளுத்தன, நீரில் கரைந்தன. 1930களில் ரெசா ஷாவின் அரசு நாடோடிகளை ஓரிடத்தில் தங்குமாறு கட்டாயப்படுத்தியது. மேய்ச்சல் வழிகள் அடைபட, மந்தைகள் மடிந்தன. மந்தை அழிந்தால் தறிக்குக் கம்பளி ஏது? 1941இல் அவர் பதவி இழந்தபின் பலர் மீண்டும் மலைவழி ஏறினர்; எனினும், பழைய வாழ்வு முழுமையாகத் திரும்பவில்லை.

ஃபார்ஸ் பகுதியின் கம்பள நெசவுத்திறனை யுனெஸ்கோ நிறுவனம் 2010இல் மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பழங்கம்பளத்தை அருங்காட்சியகம் காக்கும். அதனை நெய்த அறிவைக் காப்பதற்கோ, இன்றும் ஒரு மகள் தாயின் அருகே தறியில் அமர்ந்து தன் முதல் முடிச்சை இடவேண்டும்.