மாப்பிள்ளை படிக்கும் கலாசாலை

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் பொதுவாக நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்ப்பார்கள். நியூயார்க்கில் சுதந்திர தேவியின் சிலையைப் பார்ப்பார்கள். பார்த்ததற்கு அத்தாட்சியாக முன்னால் நின்று படமும் எடுத்துக்கொள்வார்கள். நான் இவை இரண்டையும் பார்க்கவில்லை. இல்லினாய் மாகாணத்தில் ஜோலியட் என்னும் ஊரில், ஒரு வகுப்பறையில், நாற்பத்திரண்டு வயதான மாணாக்கர் ஒருவர் ஒரு மோட்டாருடன் மல்லுக்கு நின்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த மாணாக்கர் வேறு யாருமில்லை. என் தமக்கையின் மாப்பிள்ளைதான்.

உண்மையை மறைப்பானேன்? நான் ஊர் பார்க்கப் போகவில்லை, தூது போனேன். மாப்பிள்ளை பி.இ. பட்டம் பெற்றவர். பதினாறு வருஷ காலம் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கம்பெனி அவருக்கும் இன்னும் பலருக்கும் ஒரே கடிதத்தில் விடை கொடுத்து அனுப்பிவிட்டது. எட்டு மாதம் வேறு உத்தியோகம் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு, தாம் சமூகக் கல்லூரியில் சேர்ந்து மின்சாரத் தொழில் படிப்பதாகத் தெரிவித்தார்.

மின்சாரத் தொழில் என்றதும் என் தமக்கையின் மனக்கண் முன் தோன்றியவர், எங்கள் தெருவில் பியூஸ் போனால் ஏணியைத் தோளில் சுமந்து வருகிற ஆள்தான். அந்த மனிதர் வராவிட்டால் தெரு முழுவதும் இருட்டில் கிடக்கும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. "மாப்பிள்ளை மேல்படிப்புப் படிக்கிறார்" என்று உறவினர்களிடம் சொல்லி வைத்தாள். என்னை மட்டும் தனியாக அழைத்து, "நீ போய் அவருக்கு நல்ல புத்தி சொல்லிவிட்டு வா" என்றாள். அக்காவின் கட்சியில் நியாயம் இருக்கிறதென்று எண்ணித்தான் நானும் புறப்பட்டேன்.

சிகாகோவில் இறங்கியதும் முதற் காரியமாக மிச்சிகன் சாலையில் உள்ள சித்திரக் கலைக்கூடத்துக்குச் சென்றேன். 1893-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி சுவாமி விவேகானந்தர் சர்வமத மகாசபையில் பேச எழுந்தது அந்தக் கட்டடத்தில்தான். சென்னை அன்பர்கள் வீடு வீடாகச் சென்று சேர்த்த பணம் அவருடைய பிரயாணத்துக்கு உதவியது என்பதை நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த மகாசபை, அவ்வருஷம் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டிக் கூடியது. பொருட்காட்சியில் ஜனங்கள் மூக்கின்மேல் விரலை வைத்துப் பார்த்த அதிசயங்களில் ஒன்று மின்சார விளக்கு. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியார் மாறுதிசை மின்சாரத்தைக் கொண்டு இரவைப் பகலாக்கினார்கள். இன்று நம் வீடுகளுக்கு வருவதும் அதே ஜாதி மின்சாரந்தான். அதே வருஷம், அமெரிக்காவுக்கு வந்த கப்பலில் சுவாமியுடன் பிரயாணம் செய்தவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. அந்தச் சந்திப்பை நினைவுகூர்ந்து 1898-இல் டாட்டா அவருக்குக் கடிதம் எழுதினார். நமது நாட்டில் ஒரு விஞ்ஞானக் கழகம் காண வேண்டுமென்ற டாட்டாவின் கனவு, அவர் காலமான பின், 1909-இல் பெங்களூரில் நனவாயிற்று.

சர்வத்தையும் துறந்த சந்நியாசியிடமே விஞ்ஞானக் கல்வியைப் பற்றிப் பேசலாமென்றால், பெண்டாட்டி பிள்ளை உள்ள மாப்பிள்ளை மின்சாரம் படிப்பதில் என்ன குற்றம்? இந்தச் சந்தேகம் அங்கேயே என் மனத்தில் லேசாகத் தலைகாட்டியது. ஆனால் தூதன் தன் கட்சியை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடலாமா? லசால் தெரு ஸ்டேஷனுக்குப் போய், மாடி வைத்த ரயிலில் மேல் தளத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

ஜோலியட், சிகாகோவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 40 மைல் தூரம். டெஸ் பிளேன்ஸ் நதி ஊரின் நடுவே ஓடுகிறது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லுக்கு ஏகப் பிரசித்தி. 1871-இல் சிகாகோவை அழித்த பெரிய தீயில் தப்பி, இன்றும் நகர மத்தியில் நிற்கிற தண்ணீர்க் கோபுரம் இந்த வட்டாரத்துக் கல்லால் கட்டியதுதான். பிறகு இரும்பாலை வந்தது. இன்று அது இருந்த இடத்தில் இடிந்த அஸ்திவாரங்களைப் பார்க்கலாம். 1858-இல் திறந்த பெரிய சிறைச்சாலையை 2002-இல் மூடிவிட்டார்கள். முன்பு அதற்குள் போனவர்கள் வெளியே வர முடியாமல் தவித்தார்கள். இப்போது உள்ளே போவதற்கே டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது!

கல்லின் மவுசு குறைந்தது, இரும்பு போயிற்று, சிறைச்சாலையும் போயிற்று. ஊர் மட்டும் போகவில்லை. கடலோரத் துறைமுகங்களிலிருந்து ரயிலில் வந்து சேரும் சரக்குப் பெட்டிகளை இறக்கிப் பிரித்து அனுப்புவதற்காக, ஊரைச் சுற்றிலும் பிரம்மாண்டமான கிடங்குகள் எழும்பியிருக்கின்றன. உள்ளே மைல் கணக்கில் நகரும் பட்டைகள். அவற்றை இழுக்க எண்ணற்ற மோட்டார்கள். பக்கத்தில், 1960-இல் மின்சாரம் தரத் தொடங்கிய டிரெஸ்டன் அணுமின் நிலையம் இருக்கிறது. இவ்வளவையும் கட்டி மேய்க்க ஆட்கள் வேண்டாமா? அவர்கள் உருவாகிற இடங்களில் ஒன்றுதான் ஊரின் மேற்குப் புறத்தில் உள்ள ஜோலியட் ஜூனியர் கலாசாலை.

இந்தக் கலாசாலைக்கு ஒரு பெருமை உண்டு. அமெரிக்காவின் பொதுச் சமூகக் கல்லூரிகளுக்கெல்லாம் இதுவே மூத்தது. சிகாகோ சர்வகலாசாலைத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் உயர்தரப் பள்ளியின் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் கலந்து யோசித்தார்கள். கலாசாலைப் படிப்பின் முதல் இரண்டு வருஷத்தை ஊரிலேயே சொல்லிக் கொடுத்தால் ஏழைப் பிள்ளைகளும் படிக்கலாமே என்று 1901-இல் தொடங்கினார்கள். சேர்ந்தவர்கள் ஆறே பேர். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில்கூட அதைவிடக் கூட்டம் இருந்திருக்கும்!

நாம் சுதந்திரம் அடைந்த அதே 1947-ஆம் வருஷத்தில், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன், இத்தகைய கலாசாலைகள் தேசமெங்கும் வேண்டும் என்று சிபார்சு செய்தது. இன்று அந்தத் தேசத்தில் சுமார் ஆயிரம் இருக்கின்றன. உயர்தரப் பள்ளியை முடித்தவர் யாரும் வரலாம். வயது தடையில்லை. உள்ளூர் ஜனங்கள் செலுத்தும் வரியும் சேர்ந்து நடத்துவதால் அவர்களுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் குறைவு. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் ஏராளம்.

மாப்பிள்ளை என்னை அழைத்துச் சென்றதும் ஒரு மாலை வகுப்புக்குத்தான். முப்பது வருஷம் ஆலைகளில் வேலை பார்த்த உபாத்தியாயர், என்னைக் கைகுலுக்கி வரவேற்று, ஓர் ஓரத்தில் உட்கார வைத்தார். வகுப்பில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர். பகலில் கிடங்கில் சாமான் அடுக்கிவிட்டு வந்த இரண்டு குழந்தைகளின் தாயார் ஒருத்தி. இவர்களுக்கு நடுவில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எங்கள் மாப்பிள்ளை!

முதலில் உபாத்தியாயர் எல்லோர் கையிலும் ஒரு பூட்டைக் காட்டச் சொன்னார். மின்சாரம் படிக்கிறவர்களுக்குப் பூட்டு எதற்கு என்று திகைத்தேன். பிறகுதான் விளங்கியது. இயந்திரத்தைப் பழுது பார்க்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் அவரவர் தம் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர்ச் சீட்டையும் தொங்கவிட வேண்டும். சாவி தம் பையில் இருக்க வேண்டும். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. பூட்டியவரே திறக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் விஷயம் தெரியாத ஒருவர் சுவிட்சைப் போட, உள்ளே கை வைத்திருப்பவரின் கதி என்ன ஆவது? 60 வாட் விளக்கு அந்த ஊரில் அரை ஆம்பியர் மின்சாரம் குடிக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு இருதயத்தின் வழியே பாய்ந்தால் மனிதனைக் கொல்லப் போதும்.

பூட்டினாலும் நம்பக் கூடாதாம். மின்சாரம் உள்ள இடத்தில் மீட்டரை வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அணைத்த இடத்தைச் சோதிக்க வேண்டும். மறுபடியும் உள்ள இடத்தில் வைத்து மீட்டர் இடையில் கெட்டுவிடவில்லையென்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். உயிரோடு வீடு திரும்புவதுதான் இந்தப் படிப்பின் முதல் பாடம் என்று தெரிந்துகொண்டேன்.

அப்புறம் மாப்பிள்ளையின் பரீட்சை. பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓட வேண்டும். கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நிற்க வேண்டும். ஆனால் அவர் கையை எடுத்ததும் மோட்டார் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தும்போது ஒரு கம்பிச் சுருள் காந்தமாகி மோட்டாருக்கு வழி திறக்கிறது. அத்துடன் பக்கத்தில் ஒரு சிறிய இணைப்பையும் சேர்த்து மூடுகிறது. கையை எடுத்த பிறகு சுருளுக்கு மின்சாரம் போவது இந்தச் சிறு வழியாகத்தான். அந்த வழி எங்கோ அறுந்திருந்தது.

மாப்பிள்ளை படத்தை விரித்துக் கோடு கோடாக விரலால் தொட்டுப் பார்த்தார். பூட்டைப் போட்டார். குழந்தைகளின் தாயார் மீட்டரைப் பிடிக்க, ஒவ்வொரு முனையாகச் சோதித்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது. இருபது நிமிஷத்துக்குப் பிறகு, வெளிப்பார்வைக்கு ஒழுங்காயிருந்த ஒரு திருகின் அடியில் கம்பி தொடாமல் இருப்பதைக் கண்டுபிடித்தார். உபாத்தியாயர் வேண்டுமென்றே தளர்த்தி வைத்த திருகு அது! முறுக்கினார், பூட்டைத் திறந்தார், பொத்தானை அழுத்திக் கையை எடுத்தார். மோட்டார் ஓடிற்று. பத்தொன்பது வயதுப் பையன் அவர் முதுகில் ஓங்கித் தட்டினான்.

அந்தச் சமயத்தில் மாப்பிள்ளையின் முகத்தில் கண்ட களையை நான் கல்யாணப் பந்தலில்கூடக் கண்டதில்லை. எனக்கோ வேறொரு முகம் ஞாபகம் வந்தது. வெகு நாளைக்கு முன் என் பையன், பாலிடெக்னிக்கில் சேர்ந்து மின்சாரம் படிக்கிறேன் என்றான். "நம் குடும்பத்தில் யாரும் திருப்புளி பிடித்ததில்லை" என்று ஒரே வார்த்தையில் அவன் வாயை அடைத்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. இன்று ஓர் ஆபீஸில் காகிதம் புரட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு விசிறியைக் கழற்றி மாட்டுகிறான்.

வீடு திரும்பும்போது காரில், "கஷ்டமாக இல்லையா, மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"கணக்கு சுலபம், மாமா. கைதான் சொன்னபடி கேட்கவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது முதலில் வெட்கமாக இருந்தது. வருமானமும் முன்போல் இராது, தெரிந்துதான் இறங்கினேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "அத்தை எல்லோரிடமும் மேல்படிப்பு என்று சொல்கிறார்களாமே? அது பொய்யில்லை, மாமா. ஏணியின் மேல் நின்று படிக்கிற படிப்புத்தானே?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் கலந்திருந்தது. தூது சொல்ல வந்தவன் வாயைத் திறக்கவில்லை.

சமூகக் கல்லூரி என்னும் பெயர் நமக்கும் புதிதல்ல. 1995-இலேயே புதுச்சேரியில் ஒன்று ஏற்பட்டது. பாலிடெக்னிக்குகளும் நம்மிடம் நிறைய உண்டு. கட்டடம் உண்டு, இயந்திரம் உண்டு. நாற்பது வயதில் ஒருவர் அங்கே போய் உட்கார்ந்தால், அதை உறவினரிடம் மறைக்காமல் சொல்லுகிற தைரியந்தான் நம் வீடுகளில் இன்னும் வரவில்லை.

மறுநாள் அக்காவுடன் டெலிபோனில் பேசினேன். பூட்டு, மீட்டர், திருகு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். முடிவில், "இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லு, அக்கா" என்றேன். அந்தப் பக்கம் வெகு நேரம் பேச்சே இல்லை. டெலிபோன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு அக்காவின் குரல் மெதுவாக வந்தது: "நம் கிணற்று மோட்டாரும் பத்து நாளாய் இப்படித்தான். கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறாயா?"