பெட்டிக்குள் ஒரு வீடு

2019 மார்ச் மாதத்தை மாசாய்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். பக்கத்தில் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சு காற்றில் கலந்தது. பள்ளிப் பிள்ளைகள் வாந்தி, மூச்சுத் திணறல் என்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூனிலும் மாணவர்கள் மீண்டும் பாதிக்கப்பட்டார்கள்.

என் மகளுக்கு ஆஸ்துமா. "காத்து நல்லா இருக்காப்பா?" என்று அவள் கேட்டால், மூக்கால் முகர்ந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவனுக்கு அது போதவில்லை. வீட்டு வாசலில் மாட்ட ஒரு சிறிய கருவி செய்ய முடிவெடுத்தேன்.

பாகங்கள் வாங்குவது சுலபம். ஈஎஸ்பி32 பலகை, தூசி உணரி, வாயு உணரி, வெப்பநிலை உணரி, சின்னத் திரை. எல்லாம் இரு உள்ளங்கைகளில் அடங்கும். அவற்றை ஒரு பெட்டிக்குள் குடிவைப்பதுதான் பெரிய வேலை.

வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டியை வைப்போமா? இங்கேயும் அதே கணக்குதான். வாயு உணரிக்குள் ஒரு சூடேற்றி எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். வெப்பநிலை உணரி அதன் அருகே இருந்தால், ஊர்ச் சூட்டைச் சொல்லாமல் பெட்டியின் சூட்டைச் சொல்லும். சூடு மேலே ஏறும் என்பதால் சூடானதை மேலேயும் வெப்பநிலை உணரியைக் கீழேயும் வைத்தோம்.

தூசி உணரியில் குட்டி விசிறி உண்டு. ஒரு வாயில் இழுத்து மறு வாயில் விடும். விட்ட காற்றையே திரும்ப இழுத்தால் வெளிக்காற்றை அது எங்கே அளப்பது? இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்தோம். பலகையின் ஆண்டெனா அருகே உலோகம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். வீட்டு மின்சாரம் பெட்டிக்குள் வரவே கூடாது என்று அடாப்டரை வீட்டுக்குள்ளேயே விட்டு, 5 வோல்ட் கம்பியை மட்டும் கொண்டுவந்தோம்.

பெட்டியை முதலில் வாங்கவில்லை. பிஸ்கட் அட்டையை ஒவ்வொரு பாகத்தின் நீளம், அகலம், உயரத்துக்கு வெட்டி, ஞாயிற்றுக்கிழமை மேசையில் பரப்பினோம். மகள் சதுரங்கக் காய் போல நகர்த்திக்கொண்டே இருந்தாள். பலகை அடங்கினால் போதாது, அதில் செருகும் கம்பி வளைவதற்கும் ஒரு விரல் இடம் வேண்டும். "இந்த ஸ்குரூவைக் கழற்ற ஸ்குரூடிரைவர் எப்படிப்பா உள்ளே போகும்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் பாதி அட்டைகள் இடம் மாறின. அதன் பிறகுதான் ஹார்ட்வேர் கடைக்குப் போய், வயரிங் வேலைக்காரர்கள் சுவரில் பொருத்தும் பிளாஸ்டிக் பெட்டியில் ஓர் அளவு பெரியதாக வாங்கினோம்.

ஜொகூர் மழைக்குப் பயந்து முழுக்க மூடினால் காற்று நுழையாது. திறந்தால் தண்ணீர் நுழையும். அதனால் துளைகளை அடிப்பக்கம் போட்டு, கொசுவலைத் துணி ஒட்டினோம். கம்பியைத் துளைக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இந்தக் கருவி என்ன வாயு என்று பெயர் சொல்லாது. வழக்கத்தைவிட ஏதோ கூடியிருக்கிறது என்று மட்டுமே காட்டும். சம்பல் வதக்கினாலும், கொசுவர்த்தி கொளுத்தினாலும் எண் ஏறும். சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீட்டுக்கு இது மாற்று அல்ல. மகளின் பையில் இன்ஹேலர் எப்போதும் இருக்கிறது.

மூடிக்குப் பசை போடவில்லை, நான்கு ஸ்குரூ மட்டும்தான். உணரிகள் சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும், மாற்றியாக வேண்டும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று மூடியின் உட்புறத்தில் மகள் தன் கையால் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த முறை அதைத் திறக்கப் போவது அவள்தான்.