மாமா விட்டுச் சென்ற பொம்மைகள்

வளைகுடாவிலிருந்து நம் மாவட்டத்து இல்லங்களுக்கு வந்து சேர்ந்த அட்டைப் பெட்டிகளைப் பற்றி யாரேனும் ஒரு வரலாறு எழுதினால், கோடாலித் தைலத்துக்கும் யார்ட்லி பவுடருக்கும் டாங்குப் பொடிக்கும் கம்பளிக்கும் அடுத்தபடியாக விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கி, நைலான் கயிற்றால் வரிந்து கட்டிய பெட்டிகளை வாடகைக் காரின் தலைமேல் ஏற்றி, களியக்காவிளை தாண்டித் தக்கலைக்கோ திருவிதாங்கோட்டுக்கோ குளச்சலுக்கோ தேங்காப்பட்டணத்துக்கோ வந்திறங்கிய தந்தையரின் முகத்தைப் பிள்ளைகள் முதலில் பார்த்தார்களா, பெட்டியைப் பார்த்தார்களா என்று சொல்வது கடினம். இரண்டாண்டுக்கு ஒரு முறை வருகிற வாப்பாவின் முகம் அவர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. பெட்டியின் மணம் பழக்கமாயிருந்தது.

என் தாய்மாமா அத்தகைய தந்தையருள் ஒருவர். துபாயின் தேராப் பகுதியில் ஒரு கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். 1985ஆம் ஆண்டு விடுப்பில் வந்தபோது அவருடைய பெட்டியிலிருந்து சிவப்பு நிற லாரி ஒன்று வெளிப்பட்டது. அதை மாமா கையிலெடுத்து, இங்கே இழுத்து, அங்கே மடக்கி, நிமிர்த்தி வைத்தார். லாரி மறைந்து நீலக் கால்களும் சிவப்பு மார்புமாக ஓர் இயந்திர மனிதன் நின்றான். கூடியிருந்த பெண்கள் 'யா அல்லாஹ்' என்று வாயில் கை வைத்ததை நான் இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். ஆப்டிமஸ் பிரைம் என்பது அவன் பெயர் என்று பின்னர்தான் தெரிந்தது. எங்கள் தெருவில் அவன் 'மடக்கு மனிதன்'.

இப்பொம்மைகளின் பிறப்பு வரலாறு சுவையானது. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980இல் 'டயகுளோன்' என்னும் வரிசையைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அவ்வரிசையில் சாலையில் ஓடும் மெய்யான கார்களின் அச்சாகவே உருமாறும் பொம்மைகள் வந்தன. அவை உயிருள்ளவையல்ல, உள்ளே சுண்டுவிரல் கணுவளவு மனிதன் அமர்ந்து ஓட்டும் இயந்திரங்கள். அந்தச் சிறு மனிதனின் பாதங்களில் காந்தம் பதித்திருப்பார்கள். 1983இல் அதே நிறுவனம் 'மைக்ரோ சேஞ்ச்' என இன்னொரு வரிசையை வெளியிட்டது. இதில் கைத்துப்பாக்கி, கேமரா, நுண்ணோக்கி, ஒலிநாடாப் பெட்டி போன்ற புழங்கு பொருள்கள் மனித உருக்கொண்டன. அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் இரு வரிசைகளிலிருந்தும் பொறுக்கியெடுத்து, 1984இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்னும் ஒரே பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருந்த ஓட்டுநரை நீக்கிவிட்டு, இயந்திரத்துக்கே உயிர் உண்டு என்றார்கள். மார்வல் சித்திரக்கதை நிறுவனத்தைச் சேர்ந்த பாப் புடியான்ஸ்கி என்பவர் பெரும்பாலான பொம்மைகளுக்குப் பெயரும் குணமும் எழுதிக்கொடுத்தார். பெட்டியின் பின்புறம் வலிமை, அறிவு, வேகம், துணிவு எனப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் அச்சிட்டிருக்கும். சிவப்பு நிறத் தகடு ஒன்றை மேலே வைத்தால்தான் அதைப் படிக்க முடியும்.

லாரியும் கைத்துப்பாக்கியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பது ஏன் என்று சிறுவயதில் எங்களுக்கு விளங்கியதில்லை. இரண்டும் வெவ்வேறு வரிசையில், வெவ்வேறு அளவுக் கணக்கில் பிறந்தவை என்பதே காரணம்.

எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், உருவமுள்ள பொம்மையை வீட்டில் வைக்கலாகாது என்று அன்று வாதிட்டார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சிறகு முளைத்த குதிரைப் பொம்மை ஒன்று இருந்ததையும், அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் மனம் விட்டுச் சிரித்ததையும் அபூதாவூத் தொகுப்பிலிருந்து எடுத்துச் சொல்லி, எங்கள் பள்ளி இமாம் அவரை அமைதிப்படுத்தினார். குழந்தைகள் கையாளும் பொம்மைகள் வேறு, போற்றி வைக்கும் உருவங்கள் வேறு என்பது அவர் தந்த விளக்கம். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும் வளர்ந்த மனிதர்களைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. அப்படி ஓர் இனம் தோன்றும் என்று எவரும் எண்ணவுமில்லை.

அந்த இனம் எங்கள் வீட்டிலேயே தோன்றியது. மாமாவின் மக்கள் இருவர், இளையவள் மகள். மூவரும் ஒரே பெட்டியிலிருந்து வந்த பொம்மைகளோடு வளர்ந்தவர்கள். மூவரின் விருப்பமும் மூன்று திசை.

மூத்த மச்சான் இன்று பெங்களூரில் பொறியாளர். அவருக்கு வேண்டியது எடை. தொடக்க கால டயகுளோன் வார்ப்புகளில் இரும்பு போல் கனக்கும் உலோகப் பகுதிகள் உண்டு. பிற்காலத்தில் நெகிழியே எங்கும் நிறைந்தது. உலோகம் குறைந்த நாளிலிருந்து பொம்மையும் குறைந்தது என்பது அவர் கட்சி. கார் காராகவே இருக்கவேண்டும், கதவு திறக்கவேண்டும், ரப்பர்ச் சக்கரம் உருளவேண்டும். மனித உருவம் சற்று விகாரமாக இருந்தாலும் அவர் பொறுத்துக்கொள்வார். தம் சம்பாத்தியத்தில் வாங்கியவற்றை அவர் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை. ஒட்டு நாடாவின் விளிம்பு பெயர்ந்திருக்கிறதா என்று கைவிளக்கடித்துப் பார்ப்பார். பழைய பொம்மையானால் முதலில் அதன் மீதுள்ள சிறு கரிய ஒட்டுச் சதுரத்தைக் கட்டை விரலால் தேய்ப்பார். சூடு பட்டதும் எந்த அணியைச் சேர்ந்தது என்னும் சின்னம் அதில் தோன்ற வேண்டும். போலிகள் பெருகியதால் 1985இல் ஹாஸ்புரோ செய்த ஏற்பாடு அது.

இளையவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவருக்குக் கதைதான் முக்கியம். 1986இல் வெளிவந்த கேலிச்சித்திரத் திரைப்படத்தில் ஆப்டிமஸ் இறந்தபோது அமெரிக்கப் பிள்ளைகள் திரையரங்கில் அழுதார்களாம். தக்கலையில் வீடியோ நாடாவில் பார்த்து ஒரு பிள்ளை அழுததற்கு நானே சாட்சி. தாம் திரையில் கண்ட முகம் பொம்மையில் இல்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. டகாரா 2003இல் 'மாஸ்டர்பீஸ்' என்னும் உயர்தர வரிசையைத் தொடங்கி ஆப்டிமஸை மீண்டும் வடித்தபோது அவர் குறை பாதி தீர்ந்தது. 2007இல் மைக்கேல் பேயின் திரைப்படம் வந்ததும், நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரிந்து சேரும் அந்தப் புதிய வடிவங்களையும் அவர் வரவேற்றார். மூத்தவர் அவற்றைப் பழைய இரும்புக் கடைக் குப்பை என்றார். "காக்கா, நீங்க வெச்சிருக்கிறது பொம்மையில்லை, பெட்டி" என்று இளையவர் திருப்பிச் சொன்னதும் எனக்குத் தெரியும். இளையவர் கையில் பட்ட எதுவும் நூறு முறையாவது உருமாறியிருக்கும். மூட்டுகள் தளர்ந்து, நிற்க வைத்தால் சாய்ந்துவிடும் பொம்மைகள் அவை. சாய்வதுதான் அவற்றின் அழகு என்பார்.

இந்தச் சண்டை பொம்மைக்காரர்களுக்கே உரியதென்று நினைத்துவிடக் கூடாது. நம் நாஞ்சில் நாட்டில் திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளைத் திரட்டிய முதியவர்கள் சிலரை நான் அறிவேன். 1888இல் சங்கு முத்திரையோடு வெளிவந்து, 1951இல் அந்த 'அஞ்சல்' துறை இந்தியத் தபால் துறையோடு இணையும் வரை புழங்கியவை அத்தலைகள். பின்புறப் பசை கலையாத தலையே தலை என்பார் ஒருவர். தபாலில் பயணம் செய்யாத தலை வெறும் காகிதம், பூதப்பாண்டி முத்திரையோ இரணியல் முத்திரையோ விழுந்திருந்தால்தான் அதற்கு உயிர் என்பார் மற்றவர். இருவரும் ஒரே கடைத் திண்ணையில் தேநீர் அருந்தியவர்கள். ஒருவர் சேகரிப்பை மற்றவர் மதித்ததில்லை. என் அனுதாபம் எப்போதும் முத்திரைக்காரர் பக்கம். எட்டு ரூபாய்க்குச் சக்கரக் கணக்கு எழுதிய ஒரு கடித உறையை அவர் காட்டியபோது, இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய் என்ற பழைய வாய்பாடு கல்லூரியில் படித்த வரலாற்றைவிடத் தெளிவாக விளங்கியது.

மாமாவின் மகளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சவுண்ட்வேவ். ஒலிநாடாப் பெட்டியின் உருவில் இருப்பது. மார்புக் கதவைத் திறந்தால் சிறு கேசட் ஒன்று உள்ளே இருக்கும், அதை விரித்தால் பறவையாகும். மின்கலம் வைக்கும் அறையில் மின்கலத்தின் உருவிலேயே அவனுடைய ஆயுதங்கள். வளைகுடா வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பொம்மை வேறில்லை. தொலைபேசி அரிதாயிருந்த அக்காலத்தில் வாப்பாமார் கேசட்டில் பேசி அனுப்புவதும், இங்கே உம்மாவும் பிள்ளைகளும் கூடியிருந்து கேட்டு, அதன் மறுபுறத்தில் பதில் பேசி அனுப்புவதும் வழக்கம். அரைமணி நேரம் பேசவேண்டிய நாடாவில் பத்து நிமிடம் மௌனமாக ஓடும். அழுகையை வெளியே காட்டாத ஆண்பிள்ளைகளின் மௌனம் அது. வாப்பாவின் குரல் கேசட்டுக்குள் இருப்பதுபோல் தன் சவுண்ட்வேவுக்குள்ளும் இருக்கிறதென்று அந்தப் பிள்ளை ஐந்து வயதில் நம்பியது. அதை அவள் சேகரிப்பு என்று சொல்வதில்லை.

பெட்டியைத் திறக்காத மூத்தவருக்கு ஓர் இடைஞ்சல் உண்டு. குறிப்பிட்ட சில ஆண்டுகளில் வார்க்கப்பட்ட பொன்னிறச் சுழிகளுள்ள நெகிழி, தானாகவே நொய்ந்து, தொட்டால் பிஸ்கட்டுப்போல் உடைந்துவிடும். பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் இது நிகழும். பொருளின் கலவையிலேயே உள்ள குறை. வெள்ளை நெகிழி மஞ்சளாவதும் அவ்வாறே. திறவாத பெட்டியை வைத்திருப்பவர் தம் பொம்மை இன்னும் பொம்மையாக இருக்கிறதா என்பதை அறியாமலே வைத்திருக்கக்கூடும். ஈமான் வேண்டிய சேகரிப்பு என்று நான் வேடிக்கையாகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

பெட்டிகளைக் காப்பாற்றும் எண்ணம் அன்று வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். முதல் ஆப்டிமஸ் வந்த வண்ணப் பெட்டியை மாமி வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தார்கள். பொம்மையின் மதிப்பில் பெரும்பங்கு பெட்டியில் இருப்பதாக ஆண்டுகள் பல கழித்துக் கேள்விப்பட்டபோது, "அப்போ பெட்டியை மட்டும் விக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள்.

சென்ற ஆண்டு மாமா வஃபாத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வீடும் தென்னந்தோப்பும் சிக்கலின்றிப் பிரிந்தன. பரண்மேல் இருந்தவைதான் தகராறு. என்னை அழைத்தார்கள். இரண்டு வகையாகப் பார்க்கவேண்டும் என்றேன். பிள்ளைகள் சிறுவராயிருந்தபோது பெயர் சொல்லி வாங்கிக் கொடுத்தவை அன்றே அவரவர் உடைமை ஆகிவிட்டன. பரணில் இருந்தாலும் அவை அன்பளிப்பு, வாரிசுச் சொத்தல்ல. ஆனால் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டுகளில் மாமா யாருக்கென்றும் சொல்லாமல் வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த பதினொரு பெட்டிகள் இருந்தன. அவர் தமக்காகவே வாங்கியவை என்பதை அன்றுதான் எல்லோரும் உணர்ந்தோம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்த மனிதர் தனியே கடைக்குப் போய்ப் பொம்மை வாங்கியிருக்கிறார். அவை வாரிசுகளுக்குரியவை. மனைவிக்கு எட்டில் ஒன்று. மாமாவின் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டமையால் மீதி மக்களுக்கு, ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றுமாக. நாற்பது பங்கில் மாமிக்கு ஐந்து, மக்களுக்குப் பதினான்கு பதினான்கு, மகளுக்கு ஏழு. பதினொரு பெட்டியை நாற்பதாகப் பிரிக்க இயலாதென்பதால், மனமொப்பி விட்டுக்கொடுத்துப் பிரித்துக்கொள்வதே வழி.

கொச்சியிலிருந்து சேகரிப்பாளர் ஒருவரை வரவழைத்து விலை மதிப்பிட்டார்கள். அவர் ஆவலோடு கேட்டது டிவாஸ்டேட்டரை. இளம்பச்சையும் ஊதாவுமான ஆறு கட்டுமான வண்டிகள் தனித்தனி மனிதராகி, ஆறும் கூடி ஒரே பூதமாக நிற்பது, 1985இல் வெளிவந்தது. மாமா அதை மக்கள் இருவருக்கும் பொதுவாகக் கொடுத்திருந்தார். மூன்று வண்டி மூத்தவரிடம், மூன்று இளையவரிடம் நாற்பதாண்டுகளாக இருந்தன. தரையில் விரித்து ஆறையும் பூட்டினார்கள். பூதத்தின் கைகளும் மார்புத் தகடும் வண்டிகளோடு ஒட்டாத தனித் துண்டுகள். அவற்றுள் ஒரு கை காணவில்லை. தன்னிடம் இல்லை என்றார் மூத்தவர். தன்னிடமும் இல்லை என்றார் இளையவர். ஒரு கையில்லாவிட்டால் விலை பாதியாகும் என்றார் கொச்சிக்காரர். விலைக்காக அல்ல, ஒரு நாளாவது முழுதாக நிற்கட்டும் என்று இருவரும் பரண் முழுவதும் தேடினார்கள். மருந்துச் சீட்டுகளும் பழைய கடவுச்சீட்டும் கேசட்டுகளும் கிடைத்தன, கை கிடைக்கவில்லை.

முடிவில் ஆறு வண்டியும் மூத்தவர் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குப் போயின. அதற்கு ஈடாகப் பெட்டிகளில் ஏழை இளையவர் எடுத்துக்கொண்டார். எடுத்த உடனே, பத்து வயது மகனைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னிலையில் ஒன்றின் ஒட்டு நாடாவைக் கிழித்தார். மூத்தவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். உள்ளே நெகிழி நொய்ந்திருக்கவில்லை. பையன் லாரியை மனிதனாக்க ஐந்து நிமிடம் திணறினான், மூட்டுகள் புதிதாகையால் இறுகியிருந்தன. மீதி நான்கு பெட்டிகளைக் கொச்சிக்காரர் வாங்கினார். பணம் மாமிக்கும் மகளுக்கும் சேர்ந்தது. புறப்படும்போது அவர் சவுண்ட்வேவைக் கேட்டார். அது விலைக்கில்லை என்றாள் மாமா மகள். பரணிலிருந்து இறக்கிய கேசட்டுகளை அவர் ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார். பூஞ்சை பிடித்த பதினேழு நாடாக்கள். ஓடக்கூடிய பெட்டி ஒன்றைத் தேடி நாகர்கோவில் கடைகளில் நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.